தெளிந்த பிறகுதான் வடிகட்டி

கள்ளை வடிக்கப் பன்னாடை போதும். தென்னை மட்டையின் அடியில் இருக்கும் அந்த நார்வலையில் ஊற்றினால் தேனீ, எறும்பு, பாளைத் துணுக்கு எல்லாம் மேலே தங்கிவிடும், கள் கீழே இறங்கிவிடும். வெள்ளையாகக் கலங்கித்தான் இறங்கும். கள் அப்படித்தான் இருக்கும் என்பதால் யாரும் குறை சொல்வதில்லை. வீட்டில் பீர் போடுகிறவர்கள் பலருக்கு ‘ஃபில்டர்’ என்றதும் மனத்தில் வருவது இந்தப் பன்னாடைதான். காபித் தாள், வேட்டித் துணி, நைலான் சல்லடை என்று கையில் கிடைத்ததைப் புனலில் போட்டு, நொதித்து முடிந்த 20 லிட்டரையும் அதன் வழியே ஊற்றிவிடுகிறார்கள்.

பன்னாடையின் கண் மில்லிமீட்டர் கணக்கு. ஈஸ்ட் செல் 5 முதல் 10 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிளந்தால் ஒரு மைக்ரான். காபித் தாளின் துளை ஏறக்குறைய 20 மைக்ரான். ஈஸ்டுக்கு அது திறந்த வாசல். மண்டி கொஞ்சம் தாளில் அப்பி அடைத்துக்கொண்டால் சொட்டுச் சொட்டாக இறங்கும், அவ்வளவுதான். அந்த நேரமெல்லாம் பீர் காற்றில் நனைந்துகொண்டிருக்கிறது. நொதித்து முடிந்த பீருக்கு ஆக்சிஜனைப் போல எதிரி வேறில்லை. முதலில் ஹாப்ஸ் என்ற, கசப்பும் மணமும் தரும் பூவின் மணம் மங்கும், சில வாரத்தில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வரும். கலங்கல் இருந்த இடத்திலேயே இருக்கும், பீர் மட்டும் கெட்டுப்போயிருக்கும்.

உண்மையான வடிகட்டல் மூடிய குழாய்க்குள் நடப்பது. ஒரு கெக்கிலிருந்து, அதாவது அழுத்தம் தாங்கும் உலோக பீர்க் கலத்திலிருந்து, இன்னொரு கெக்குக்கு, கார்பன் டை ஆக்சைடு தள்ள, நடுவில் ஒரு மைக்ரான் துளையுள்ள வடிகட்டிக் குழல், அதாவது கார்ட்ரிட்ஜ். காற்று எங்கேயும் பீரைத் தொடக்கூடாது. இதற்குக் கெக், சிலிண்டர், ரெகுலேட்டர் வேண்டும். அவை இல்லாதவர்கள் வடிகட்டாமல் விடுவதே நல்லது. ஏன் என்பது கீழே வருகிறது.

சட்டத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம். பிரிட்டனில் 1963 முதல் வீட்டு பீருக்கு உரிமம் தேவையில்லை. அமெரிக்காவில் 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் கூட்டரசு அளவில் வழி திறந்தது. சிங்கப்பூரில் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை சொந்தத் தேவைக்குப் போடலாம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் உரிமமில்லாத தயாரிப்பைத் தடுக்கிறது, சொந்தக் குடிக்கு என்றாலும்.

எந்த பீருக்கு வேண்டும்

எல்லா பீருக்கும் வடிகட்டி வேண்டியதில்லை. கோதுமை பீரின் அழகே அதன் கலங்கலில்தான் இருக்கிறது. ஸ்டவுட்டின் கறுப்பில் எதுவும் தெரியாது. ஹாப்ஸை அள்ளிக் கொட்டிய ஐ.பி.ஏ.வை வடிகட்டினால் காசு கொடுத்து வாங்கிய மணத்தில் ஒரு பங்கு கார்ட்ரிட்ஜில் போய் ஒட்டிக்கொள்ளும். வடிகட்டலுக்கு ஏற்ற பீர் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் கோல்ஷைக் காட்டலாம். ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்காரர்களின் பீர். 1986இல் அந்த ஊர் ஆலைகள் கையெழுத்திட்ட ஒப்பந்தம், கோல்ஷ் என்றால் வெளிர் நிறம், மேல்நொதிப்பு (ஈஸ்ட் மேலே திரண்டு நொதிக்கும் முறை), பளிச்சென்ற தெளிவு என்று வரையறுத்திருக்கிறது. 200 மில்லி பிடிக்கும் ஒல்லியான நேர்க்குழல் கண்ணாடியில் ஊற்றித் தருவார்கள். அந்தக் கண்ணாடியில் சிறு மங்கல்கூட மறைய முடியாது. வடிகட்டாததை அந்த ஊரிலேயே ‘வீஸ்’ என்று வேறு பெயரிட்டுத்தான் விற்கிறார்கள்.

கோல்ஷ் ஈஸ்டின் குணமும் அப்படி. அது கட்டி கட்டியாகச் சேர்ந்து அடியில் விழும் ஜாதி இல்லை. தூளாகவே மிதந்துகொண்டிருக்கும். ஆங்கில ஏல் ஈஸ்ட் மூன்று நாளில் தரையைப் பிடிக்கும் இடத்தில் இது வாரக்கணக்கில் தொங்கும். அதனால் 20 லிட்டர் கோல்ஷ் வகை பீர் ஒன்றையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். தொடக்க அடர்த்தி 1.048, நொதிப்பு 16 டிகிரியில், முடிவு 1.009 பக்கம்.

முதலில் விழவேண்டியது விழட்டும்

ஒரு சின்னக் கணக்கு. ஈரமான ஈஸ்ட் ஒரு கிராமில் தோராயமாக ஆயிரம் கோடி செல். நொதிப்பு ஓய்ந்து இன்னும் மங்கலாக இருக்கும் பீரில் ஒரு மில்லிக்கு 1 கோடி செல் மிதக்கிறது என்று வைத்துக்கொண்டால், 20 லிட்டரில் 20 கிராம் ஈஸ்ட். குளிரில் வைத்துத் தெளியவிட்டு மில்லிக்கு 10 லட்சம் ஆக்கிவிட்டால் 2 கிராம். முன்னதைப் பிடிக்க வேண்டியிருந்தால் ஒரு மைக்ரான் கார்ட்ரிட்ஜ் பாதி வழியில் மூச்சு முட்டிவிடும். பின்னதை அது கண்டுகொள்ளவே செய்யாது. ‘ஃபில்டர் அஞ்சே நிமிஷத்தில் அடைச்சுக்குது’ என்ற புலம்பலில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இதுதான். கார்ட்ரிட்ஜ் மேல் பிழையில்லை. தெளியாத பீரை அதன் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

கிணற்றுத் தண்ணீர் கலங்கியிருந்தால் பானையின் உள்பக்கத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிவைப்பது பழைய பழக்கம். மிதக்கும் மண்துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு நிற்பதை அந்தக் கொட்டையின் பசை உடைத்து, சேர்த்து, கீழே இறக்குகிறது. பீருக்குக் கொட்டை வேண்டாம், ஜெலட்டின் போதும். 2 கிராம், அதாவது அரை டீஸ்பூன் சுவையில்லாத ஜெலட்டினை 120 மில்லி தண்ணீரில் கால்மணி நேரம் ஊறவிட்டு, 65–70 டிகிரிக்குச் சூடாக்கிக் கரைத்து, 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் பீரில் ஊற்ற வேண்டும். கொதிக்கவிட்டால் அதன் பிடிப்பு போய்விடும். இரண்டு நாளில் வேலை தெரியும். ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது. இன்னொரு பழைய சரக்கான ஐசிங்கிளாஸ் மீனின் காற்றுப்பை, நம் கடற்கரையில் ‘நெட்டி’ என்று தனியாக எடுத்து விற்கிறார்களே, அதே உறுப்பு. சைவம் வேண்டும் என்பவர்களுக்குச் சிலிக்காக் கூழ் வகைத் தெளிப்பான்கள் இருக்கின்றன.

குளிருக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதுவே பெரிய காரணம். முளைகட்டிய பார்லியான மால்ட்டின் புரதமும் உமியிலிருந்தும் ஹாப்ஸிலிருந்தும் வரும் பாலிஃபீனாலும் குளிரில் கைகோத்து நுண்துகளாகும். 20 டிகிரியில் கைவிட்டுக் கரைந்துவிடும். இதைக் குளிர்க்கலங்கல் என்கிறோம். 18 டிகிரியில் வடிகட்டினால் இந்தக் கலங்கல் கரைந்த நிலையில் எந்த வடிகட்டியையும் தாண்டிப் போய்விடும். வடிகட்டிய கையோடு பார்த்தால் வைரம் மாதிரி இருக்கும். ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்தால் புகை பிடித்தது போல நிற்கும். ஆகவே 0 முதல் 1 டிகிரி, குறைந்தது நான்கு நாள், கோல்ஷுக்கு இரண்டு மூன்று வாரம் கொடுத்தாலும் நல்லது. 5 சதவீத பீர் மைனஸ் 2 டிகிரிக்குப் பக்கத்தில் உறையத் தொடங்கும், அதற்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். குளிர்விக்கும்போது பாத்திரத்துக்குள் வாயு சுருங்கி, மூடியில் இருக்கும் ஏர்லாக் (வாயு வெளியேற விடும் நீர் அடைப்பு) வழியே காற்றை உள்ளே இழுக்கும். அதனால் ஏர்லாக்கைக் கழற்றிவிட்டு லேசான கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தில் வைக்க வேண்டும், அல்லது குளிருக்கு முன்பே கெக்குக்கு மாற்றிவிட வேண்டும்.

குளிரில் வைப்பதற்கும் முன்னால் ஒரு சோதனை. ஈஸ்ட் வெறும் அழுக்கு இல்லை. நொதிப்பின் நடுவில் தான் உண்டாக்கிய டைஅசெட்டைலை, அந்த வெண்ணெய் வாசனையை, கடைசியில் தானே தின்று சுத்தம் செய்வதும் ஈஸ்ட்தான். வடிகட்டிவிட்டால் அந்த வேலைக்கு ஆள் கிடையாது. இரண்டு சின்ன டம்ளரில் பீர் பிடித்து, இரண்டையும் மூடி, ஒன்றை 60 டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் வைத்து ஆறவிட்டு, இரண்டையும் மோந்து பார்க்க வேண்டும். சூடானதில் பாப்கார்ன் வாசனை வந்தால் பீர் இன்னும் முதிரவில்லை. 18–20 டிகிரியில் இன்னும் மூன்று நாள் விட வேண்டும். அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் மூன்று நாள் ஒரே எண்ணைக் காட்டியது மட்டும் இதற்குச் சாட்சி ஆகாது.

மைக்ரான் என்ற எண்

கடையில் 5, 1, 0.5 என்று மூன்று எண்கள் கிடைக்கும். 5 மைக்ரான் ஹாப்ஸ் துணுக்கையும் மண்டியையும் பிடிக்கும், ஈஸ்டைப் பாதி விடும். 1 மைக்ரான் ஈஸ்டைப் பிடிக்கும், குளிர்க்கலங்கலில் ஒரு பங்கையும் பிடிக்கும். 0.5 மைக்ரான் பளபளப்பைக் கூட்டும், கூடவே நிறத்திலும் கசப்பிலும் நுரையிலும் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். நுரையைத் தாங்கும் புரதம் நேனோமீட்டர் கணக்கில் இருப்பது, 0.5 மைக்ரான் துளையில் அது மாட்டிக்கொள்ள வாய்ப்பில்லை. துளையில் மாட்டாமல் வடிகட்டிப் பொருளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதால் குறைகிறது. அதனால்தான் ஒரே எண் போட்ட இரண்டு வடிகட்டிகள் இரண்டு மாதிரி பீர் தருகின்றன. கோல்ஷுக்கு 1 மைக்ரான். அதற்குக் கீழே போவதற்கு வீட்டில் அவசியம் இருப்பதாகத் தெரியவில்லை.

எண்ணுக்குப் பக்கத்தில் ‘நாமினல்’ என்றா ‘அப்சல்யூட்’ என்றா எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாமினல் என்றால் அந்த அளவுத் துகளில் பெரும்பகுதி நிற்கும் என்று பொருள்; எத்தனை சதவீதம் என்பது தயாரிப்பாளர் வைத்ததுதான். அப்சல்யூட் என்றால் கிட்டத்தட்ட எல்லாமே நிற்கும். நூல் கண்டு போலச் சுற்றிய மலிவான பாலிப்ரொப்பிலீன் கார்ட்ரிட்ஜ்கள் நாமினல், மடிப்பு மடிப்பாக இருப்பவை பெரும்பாலும் அப்சல்யூட். தெளிந்த பீருக்கு நாமினல் 1 போதும்.

கார்ட்ரிட்ஜை உள்ளே வைக்கும் கூடாகத் தண்ணீர் ஃபில்டர் ஹவுசிங்கையே பயன்படுத்துவதால் வரும் ஓர் ஆபத்து: அதே அளவில் கரி கார்ட்ரிட்ஜும் கிடைக்கும். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கரி வழியே போன பீரில் ஹாப்ஸ் மணம் இருக்காது, நிறம் வெளுத்திருக்கும், குடித்தால் சோடாவில் கொஞ்சம் மால்ட் கரைத்தது போலிருக்கும். அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. உறையைப் படிக்காமல் மாட்டக்கூடாது.

தட்டு வடிகட்டி என்று இன்னொரு வகை உண்டு. செல்லுலோஸ் அட்டைகளைப் பிளாஸ்டிக் தட்டுகளுக்கு நடுவே இறுக்கி, பம்பில் தள்ளுவது. ஒயின்காரர்களுக்குப் பிடித்தது. லோரன்ஸ் அடல்பர்ட் என்ஸிங்கர் என்ற ஜெர்மானியர் 1878இல் கொண்டுவந்த பீர் வடிகட்டியின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்த அட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது என்பதை நினைத்தால் இன்றைய செல்லுலோஸ் மேல் மரியாதை வரும். அட்டையின் சொரசொரப்பான முகம் பீர் வரும் பக்கம், வழவழப்பான முகம் வெளியேறும் பக்கம். விளிம்பில் எப்போதும் சொட்டும், அடியில் தாம்பாளம் வைக்க வேண்டும். சொட்டுகிற இடம் வழியே காற்றும் போகும், பம்பும் காற்றை இழுக்கும். பீருக்கு இது இரண்டாம் பட்சம்தான்.

மாட்டும் முறை

வேண்டியவை: 19 லிட்டர் கார்னி கெக் இரண்டு, 10 அங்குல ஹவுசிங் ஒன்று, 1 மைக்ரான் கார்ட்ரிட்ஜ் இரண்டு (ஒன்று கையிருப்பு), பீர் வெளிவரும் முனைக்கான கனெக்டர் இரண்டு, வாயு முனைக்கானது இரண்டு, குழாய், சிலிண்டர்.

கார்ட்ரிட்ஜை மாட்டி, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் 5 லிட்டராவது ஓடவிட வேண்டும். புதிய கார்ட்ரிட்ஜுக்குப் பிளாஸ்டிக் வாசனையும், அட்டைக்குக் காகித வாசனையும் இருக்கும். கடைசியில் வரும் தண்ணீரைக் குடித்துப் பார்த்து வாசனை போனதும் நிறுத்தலாம். அடுத்து கழுவத் தேவையில்லாத அமில சானிடைசர், ஸ்டார் சான் போன்றது, லிட்டருக்கு ஒன்றரை மில்லி கலந்து ஹவுசிங்கை நிரப்பிக் கால்மணி நேரம். மேற்பரப்புக்கு ஒன்றிரண்டு நிமிடம் போதும் என்றாலும் நாருக்குள் ஊறுவதற்கு நேரம் வேண்டும். வெந்நீர் ஊற்றிச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்புபவர்கள் கவனிக்க: கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் ஹவுசிங்குகள் பெரும்பாலும் 50 டிகிரிக்கு மேல் தாங்காது, விரிசல் விட்டு அழுத்தத்தில் வெடிக்கலாம். பிளீச் வேண்டவே வேண்டாம். அதன் குளோரின் பீரின் ஃபீனாலோடு சேர்ந்தால் பேண்டேஜ் வாசனை வரும், துளி அளவே போதும்.

வடிகட்டிய பீரை வாங்கிக்கொள்ளும் கெக்கை (இனி ‘வாங்கும் கெக்’) விளிம்பு வரை அதே சானிடைசரால் நிரப்பி, கார்பன் டை ஆக்சைடால் முழுவதையும் வெளியே தள்ள வேண்டும். தண்ணீர் போன இடத்தில் வாயு மட்டும் இருக்கும், காற்று இருக்காது. வெறும் கெக்கில் வாயுவை அடித்து அடித்துத் திறந்துவிடுவதைவிட இது சிக்கனம், சந்தேகமும் இல்லை. தள்ளிய சானிடைசரை வடிகட்டி வழியாகவே வாளிக்கு அனுப்பினால் ஹவுசிங்கும் அதே ஓட்டத்தில் சுத்தமாகிவிடும்.

பிறகு ஹவுசிங்கையும் குழாய்களையும் இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். இதைத்தான் அநேகம் பேர் விட்டுவிடுகிறார்கள். சிங்கப்பூர் வெயிலில் 30 டிகிரியில் இருக்கும் ஹவுசிங்குக்குள் 1 டிகிரி பீர் நுழைந்தால் முதல் சில லிட்டர் சூடேறி, பிடிக்க வேண்டிய கலங்கல் கரைந்து தப்பிக்கும்.

பீர் இருக்கும் கெக்கின் உறிஞ்சுகுழல் அடிவரை போவது. அதனால் முதலில் வருவது அடிமண்டி. வடிகட்டியை இணைக்கும் முன்பே அரை லிட்டர் வரை டம்ளரில் பிடித்துக் கொட்டிவிட வேண்டும். மிதவைக் குழல் போட்ட கெக்கில் இந்தத் தொல்லை இல்லை, அது மேலிருந்து எடுக்கும்.

இனி இணைப்பு. பீர் கெக்கின் வாயு முனைக்கு 5 பி.எஸ்.ஐ. (ரெகுலேட்டர் காட்டும் அழுத்த அலகு). அதன் பீர் முனையிலிருந்து ஹவுசிங்கின் உள்வழிக்கு. ஹவுசிங் தலையில் அம்புக்குறி இருக்கும், பீர் கார்ட்ரிட்ஜின் வெளிப்புறத்திலிருந்து உட்புறத்துக்குப் போக வேண்டும். திருப்பி மாட்டினால் உள்ளிருந்து ஊதி நார் பிரிந்துகொள்ளும். வெளிவழியிலிருந்து இப்போதைக்கு ஒரு டம்ளருக்கு. ஹவுசிங்கின் மேல் இருக்கும் காற்றுப் பொத்தானை அழுத்திக்கொண்டே பீரை விட வேண்டும். வெளிர்மஞ்சள் கீழிருந்து ஏறி, கார்ட்ரிட்ஜின் வெள்ளை நார் மெல்ல ஈரமாகி நிறம் மாறும். மேல்விளிம்பு வரை வந்ததும் பொத்தானை விடலாம். பொத்தானைத் தொடாமல் விட்டால் மேல்பாதி வாயுவாகவே நிற்கும், கார்ட்ரிட்ஜின் கீழ்ப்பாதி மட்டும் உழைக்கும், சீக்கிரம் அடைக்கும்.

டம்ளரில் முதலில் தண்ணீர் கலந்த பீர் வரும். ஏறக்குறைய ஒரு லிட்டர் இப்படிப் போகும், மனசு கேட்காமல் அதையும் கெக்கில் சேர்த்தால் மொத்த பீரும் நீர்த்துப்போகும். நாக்கில் வைத்துப் பார்த்து முழு பீர் வந்ததும், அந்தக் குழாயை வாங்கும் கெக்கின் பீர் முனைக்கு மாற்ற வேண்டும். வாயு முனைக்கு மாற்றினால் பீர் மேலிருந்து அருவியாக விழுந்து நுரைக்கும். பீர் முனை வழியே போனால் அடியிலிருந்து அமைதியாக நிரம்பும். வாங்கும் கெக்கின் வாயு முனையில் ஒரு குழாய் மாட்டி, நுனியைத் தண்ணீர்ப் போத்தலில் முக்கிவைக்கலாம். குமிழி வரும் வேகம்தான் பீர் ஓடும் வேகம்.

18 லிட்டர் போக 15 முதல் 25 நிமிடம் ஆகும். வேகம் குறைந்தால் ரெகுலேட்டரைத் திருகக் கை துறுதுறுக்கும். 7, 8 பி.எஸ்.ஐ. வரை ஏற்றலாம், 10ஐத் தாண்டக்கூடாது. நாமினல் கார்ட்ரிட்ஜில் அழுத்தம் ஏற ஏற, பிடித்துவைத்த ஈஸ்டைப் பிதுக்கி மறுபக்கம் தள்ளிவிடும். அதுவரை வடித்த தெளிவும் வீணாகும். அடைத்தால் நிறுத்தி, கையிருப்பு கார்ட்ரிட்ஜை மாட்டுவதே வழி. அதுவும் உடனே அடைத்தால் பீரில்தான் வேறு கோளாறு: ஓட்ஸ் அதிகம் போட்ட பீரின் பீட்டா குளூக்கன் பசை, அல்லது மேஷில், அதாவது மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் கட்டத்தில், சர்க்கரையாகாமல் தங்கிய ஸ்டார்ச். பீரில் அயோடின் ஒரு சொட்டு விட்டு நீலம் வந்தால் ஸ்டார்ச். அதை வடிகட்டி தீர்க்காது, அடுத்த முறை மேஷில்தான் தீர்க்க வேண்டும்.

வாயு ஏற்றுவதற்கு முன்னால்தான்

வடிகட்டலை ஏன் கார்பனேஷனுக்கு முன்னால் செய்ய வேண்டும் என்பதை வெளிவழிக் குழாயே காட்டிவிடும். கார்ட்ரிட்ஜைத் தாண்டும்போது பீரின் அழுத்தம் சட்டென்று விழுகிறது. வாயு ஏற்றிய பீராக இருந்தால் அந்த இடத்திலேயே பொங்கும். நாருக்குள் குமிழி அடைத்துக்கொள்ளும், வாங்கும் கெக்கில் நுரை மட்டும் சேரும், நுரையாகி வீணான புரதம் பிறகு கண்ணாடியில் நுரை நிற்க உதவாது. சப்பென்று இருக்கும் பீரிலும் வாயு இல்லாமல் இல்லை. 18 டிகிரியில் நொதித்து முடிந்த பீரில் ஒரு லிட்டருக்கு 0.9 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும், 0.9 வால்யூம் என்பார்கள். அது தொந்தரவு செய்யாது. மூடிய பாத்திரத்தில் அழுத்தம் ஏற்றி நொதிக்க வைத்தவர்கள் மட்டும், வாங்கும் கெக்கையும் அதே அழுத்தத்துக்கு ஏற்றிவிட்டு, 2–3 பி.எஸ்.ஐ. வித்தியாசத்தில் மெதுவாகக் கசியவிட வேண்டும்.

வடிகட்டி முடிந்ததும் 4 டிகிரியில் 12 பி.எஸ்.ஐ. வைத்து ஏழு முதல் பத்து நாள் விட்டால் 2.5 வால்யூம் வரும். கோல்ஷுக்கு அது சரி. அவசரக்காரர்கள் 30 பி.எஸ்.ஐ.யில் ஒரு நாள் வைத்துவிட்டு 12க்கு இறக்கலாம். மறந்துபோய் இரண்டாம் நாளும் 30இல் விட்டால் கண்ணாடியில் பாதிக்கு மேல் நுரைதான். பாட்டிலில் அடைக்க எதிரழுத்த ஃபில்லர் அல்லது பாட்டிலை வாயுவால் கழுவிவிட்டு நிரப்பும் துப்பாக்கி வடிவக் கருவி வேண்டும். பாட்டிலும் குளிர்ந்திருக்க வேண்டும். நுரை வாய்வரை வந்து வழியும்போது அதன் மேலேயே மூடியை அழுத்தினால் கழுத்தில் காற்று தங்காது.

இப்போது கெக் இல்லாதவர்கள் விஷயம். சர்க்கரை போட்டு பாட்டிலிலேயே வாயு உண்டாக்குபவர்கள் வடிகட்டினால் என்ன ஆகும்? 20 லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரை போட்டு, மூடி, மூன்று வாரம் காத்திருந்து திறந்தால், இனிப்பான சப்பை பீர். சர்க்கரையைத் தின்ன ஈஸ்ட் வேண்டுமே, அதைத்தானே கார்ட்ரிட்ஜில் விட்டுவந்தோம்! ஒரு மில்லிக்கு 10 லட்சம் செல்லாவது இருந்தால்தான் ஒழுங்காக வாயு ஏறும். 5 மைக்ரானில் வடித்தால் கொஞ்சம் ஈஸ்ட் மிஞ்சுமே என்று ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. சில பாட்டில் ஏறும், சில பாட்டில் ஏறாது, எது எது என்று மூடியைத் திறந்தால்தான் தெரியும். வடிகட்டியே தீர வேண்டும் என்றால், பாட்டிலுக்கென்றே விற்கும் உலர் ஈஸ்டை, சி.பி.சி.-1 போன்றதை, 20 லிட்டருக்கு 2 கிராம் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துச் சர்க்கரைக் கரைசலோடு சேர்க்கலாம். பெல்ஜியத்திலும் ஜெர்மனியிலும் பல ஆலைகள் பழைய ஈஸ்டை எடுத்துவிட்டுப் புது ஈஸ்ட் போட்டே பாட்டிலில் அடைக்கின்றன. அடியில் மெல்லிய படலம் ஒன்று மறுபடி படியும். அதற்கு, நன்றாகக் குளிரில் தெளியவைத்து, ஜெலட்டின் போட்டு, மேலாக இறக்கி பாட்டிலில் அடைத்தாலே ஏறக்குறைய அதே முடிவு. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் பீரில்கூட பாட்டிலுக்குப் போதுமான ஈஸ்ட் பெரும்பாலும் இருக்கும்.

வடிகட்டிய பீரைப் பற்றி இரண்டு தப்பான நம்பிக்கைகள். ஒன்று, அது கிருமியற்றது என்பது. புளிக்கவைக்கும் லாக்டோபேசில்லஸ் ஒரு மைக்ரானுக்கும் ஒல்லியாக இருக்கக்கூடியது, நாமினல் கார்ட்ரிட்ஜுக்குள் நெளிந்து போய்விடும். ஆலைகள் கிருமி நீக்க 0.45 மைக்ரான் மெம்பிரேன் வைக்கின்றன, அதுவும் அதற்கு முன்னால் இரண்டு மூன்று கட்டம் வடித்துவிட்டு. கெட்டுப்போகத் தொடங்கிய பீரை வீட்டு வடிகட்டியால் காப்பாற்ற முடியாது. இன்னொன்று, தெளிந்த பீர் அதிக நாள் தாங்கும் என்பது. நேர்மாறு. பாட்டிலுக்குள் இருக்கும் உயிருள்ள ஈஸ்ட், அடைக்கும்போது தப்பி நுழைந்த ஆக்சிஜனில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். அது இல்லாத பாட்டிலில் ஒவ்வொரு காற்றுக் குமிழியும் கணக்கில் ஏறும். வடிகட்டிய கோல்ஷை ஃப்ரிட்ஜிலேயே வைத்து, இரண்டு மாதத்துக்குள் குடித்துவிட வேண்டும்.

வேலை முடிந்ததும் கார்ட்ரிட்ஜை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மடிப்பு வகை என்றால் எதிர்த்திசையில் தண்ணீர் விட்டு, காரத்தன்மையுள்ள (ஆல்கலைன்) சுத்தம் செய்யும் பொடியின் கரைசலில் ஊறவைத்து, இன்னும் ஓரிரு முறை ஓட்டலாம். சுற்று வகையைக் காப்பாற்ற முயல்வது வீண். நாரின் ஆழத்தில் தங்கும் ஈஸ்டும் சர்க்கரையும் ஒரு வாரத்தில் நாறும், அடுத்த பீருக்கு அதையே கொடுக்கும். தூக்கிப் போடும் முன் ஒரு ரம்பத்தால் குறுக்கே அறுத்துப் பார்ப்பது நல்லது. வெளிப்புறம் கால் அங்குலத்துக்கு இட்லி மாவு நிறத்தில் பசையாக அப்பி, உள்ளே வெண்மையாக இருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கிறது. மையக்குழல் வரை பழுப்பு ஏறியிருந்தால் கடைசி லிட்டர்களில் ஈஸ்ட் தாண்டியிருக்கிறது, அடுத்த முறை குளிரில் இன்னும் நான்கு நாள். வெளிப்புறம் வெள்ளையாகவே இருக்க, ஒரு முனையில் மட்டும் பழுப்புக் கோடு இறங்கியிருந்தால் ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை. பீர் வடிகட்டி வழியே போகாமல் பக்கவாட்டில் நழுவிப் போயிருக்கிறது.